இந்த மீனு எந்தப் படகுல வந்துச்சு? கேட்ச் சர்டிபிகேட், லாட், டிரான்ஸ்பாண்டர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

தூத்துக்குடி பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில நாலு வருஷம் பேப்பர் வேலை பார்த்தேன். மீன தொட்டதே கம்மி, மீனோட நம்பரத்தான் தொட்டேன். இப்ப அந்த வேலையில இல்ல, ஆனா படகு வெச்சிருக்கவங்க, புதுசா கம்பெனியில சேர்ந்த பசங்க, ஃபிஷரீஸ் படிக்கிற பிள்ளைங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிப் போட்டுட்டேன்.

டிரேசபிலிட்டின்னா என்ன? கொஞ்சம் சிம்பிளா சொல்லுங்க.

ஒரு கடைக்காரர்கிட்ட இருக்குற மீன் பாக்கெட்ட எடுத்து "இது எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு கேட்டா, அவர் வாங்குன ஆள், அந்த ஆள் வாங்குன கம்பெனி, கம்பெனி வாங்குன ஏலம், ஏலத்துக்கு வந்த படகுன்னு பின்னாடியே போக முடியணும். என்ன மீனு, எந்தப் படகு, எந்தக் கடல், எந்தத் தேதி, என்ன வலை, இந்த அஞ்சும் கை மாறும்போதெல்லாம் மீன்கூடவே போகணும். அவ்ளோதான். கேக்க ஈஸியாத்தான் இருக்கும்.

சட்டவிரோத மீன்பிடின்னா எல்லை தாண்டுறதுதானே?

அது ஒண்ணு மட்டும் இல்லங்க. நியூஸ்ல அது மட்டும்தான் வர்றதால அப்படித் தோணுது. வெளிநாட்டுக்காரங்க ஐயூயூன்னு ஒரு பேரு வெச்சிருக்காங்க, சட்டத்த மீறிப் பிடிக்கிறது, பிடிச்சத கணக்குல காட்டாம விடுறது, எந்தச் சட்டமும் இல்லாத கடல்ல இஷ்டத்துக்குப் பிடிக்கிறது, மூணும் அதுக்குள்ள அடங்கும்.

நம்ம ஊரு உதாரணமே எடுத்துக்குவோம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப விசைப்படகு கடலுக்குப் போனா சட்டவிரோதம். ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலைய இழுக்குற இரட்டைமடி போட்டா சட்டவிரோதம். மீன் கூட்டத்த சுத்தி வளைச்சு அள்ளுற சுருக்குமடி வலைக்கு தமிழ்நாட்டுல தடை, 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டு 12 கடல் மைலுக்கு வெளிய, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும்னு அனுமதி குடுத்துச்சு, அத மீறினா அதுவும் சட்டவிரோதம். இதுல எதுக்குமே இலங்கைப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்ல பாருங்க.

உலகம் பூரா இப்படி வருஷத்துக்கு 1.1 கோடி டன்லேர்ந்து 2.6 கோடி டன் வரைக்கும் பிடிபடுதுன்னு 2009ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அந்த நம்பரத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஒளிச்சுப் பண்ற வேலைக்குப் போட்ட கணக்கு, அதான் கீழ்நம்பருக்கும் மேல்நம்பருக்கும் அவ்ளோ இடைவெளி.

ஐரோப்பாக்காரன் நம்மகிட்ட எதுக்கு பேப்பர் கேக்குறான்?

கடல்ல போயி எல்லாரையும் பிடிக்க முடியாது, ஆனா விக்கிற இடத்துல பிடிக்கலாம்னு யோசிச்சு ஒரு சட்டம் போட்டாங்க, 2010 ஜனவரி 1லேர்ந்து அமல். அதுலேர்ந்து கடல்ல பிடிச்ச மீன் ஐரோப்பிய யூனியனுக்குள்ள போகணும்னா கேட்ச் சர்டிபிகேட் வேணும். படகு எந்த நாட்டுல பதிவோ அந்த நாட்டு அரசாங்கம் "ஆமா, இது சட்டப்படி பிடிச்சதுதான்"னு கையெழுத்து போடணும். நம்ம நாட்டுல அந்த வேலைய எம்பீடா, அதாவது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பாக்குது, தலைமை ஆபீஸ் கொச்சியில. இத்தன நாளா பேப்பர், பிடிஎஃப்னு ஓடிக்கிட்டு இருந்தத 2026 ஜனவரி 10லேர்ந்து அங்க இறக்குமதி பண்றவங்க 'கேட்ச்'ங்கற ஆன்லைன் சிஸ்டத்துலதான் ஏத்தணும்னு ஆக்கிட்டாங்க. ஒரே சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் எடுத்து ரெண்டு துறைமுகத்துல ரெண்டு கன்டெய்னருக்குக் காட்டுற வேலைக்கு இதுலதான் ஆப்பு.

ஒரு நாடு ஒழுங்கா கண்காணிக்கலன்னா முதல்ல மஞ்சள் கார்டு, திருந்தலன்னா சிவப்பு கார்டு. சிவப்பு வந்தா அந்த நாட்டுக் கொடி கட்டுன படகு பிடிச்ச மீனு ஒரு கிலோகூட உள்ள போகாது. தாய்லாந்துக்கு 2015 ஏப்ரல்ல மஞ்சள் வந்து 2019 ஜனவரியிலதான் எடுத்தாங்க. வியட்நாமுக்கு 2017 அக்டோபர்ல வந்துச்சு, வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருக்கு.

சிவப்பு கார்டு நிஜமாவே யாருக்காவது குடுத்திருக்காங்களா?

பக்கத்துலயே, இலங்கைக்கு. 2012 நவம்பர்ல மஞ்சள், 2014 அக்டோபர்ல சிவப்புன்னு அறிவிச்சு 2015 ஜனவரியில தடை அமலாச்சு. ஐரோப்பாவுக்கு ஃப்ரெஷ்ஷா ஐஸ்ல போற சூரை, வாள்மீன்ல இலங்கைதான் அப்ப ரெண்டாவது இடம், 2013ல மட்டும் 7.4 கோடி யூரோ வியாபாரம். அது அப்படியே நின்னுபோச்சு.

என்ன குத்தம்னா, பலநாள் படகுங்க இந்தியப் பெருங்கடல்ல ரொம்ப தூரம் போயி வாரக்கணக்குல தங்கிப் பிடிக்கும், ஆனா எந்தப் படகு எங்க நிக்குதுன்னு கொழும்புல உக்காந்திருக்க அதிகாரிக்குத் தெரியாது, எங்க, என்ன பிடிச்சாங்கன்னு எழுதுற லாக்புக் ஒழுங்கா கிடையாது, பிடிபட்டாலும் அபராதம் டீக்காசு மாதிரி. அதுக்கப்புறம் ஓடி ஓடி வேலை பார்த்தாங்க. 1500க்கும் மேல படகுகள்ல சாட்டிலைட் கருவி மாட்டுனாங்க, லாக்புக்க கட்டாயமாக்குனாங்க, அபராதத்த பல மடங்கு ஏத்துனாங்க. 2016 ஜூன்ல தடை நீங்குச்சு. ஒன்றரை வருஷம். நடுவுல நஷ்டப்பட்டது தப்பு பண்ணவன் மட்டும் இல்ல, ஒழுங்கா தூண்டில் போட்டு சூரை பிடிச்சவனும்தான், ஏன்னா கார்டு நாட்டுக்குத்தான், படகுக்கு இல்ல. இந்த ஒரு விஷயம் நம்ம சம்மாட்டிங்களுக்கு, அதாவது படகு முதலாளிங்களுக்கு, நல்லா புரியணும்னு எனக்கு ஆசை. இந்தியாவுக்கு இன்னும் கார்டு எதுவும் வரல.

சரி, படகுலேர்ந்து கம்பெனிக்குள்ள வர்ற வரைக்கும் உண்மையில என்ன நடக்குது?

இதத்தான் எல்லாரும் கேக்கணும், யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.

தூத்துக்குடியில விசைப்படகு விடியக்காலையில போயிட்டு ராத்திரி வந்து கட்டும். கட்டுன உடனே கணவாய் ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், சங்காயம்னு சொல்ற கழிவுப் பொடிமீன் ஒரு மூலையில குவியலா கிடக்கும். லைட்டு வெளிச்சம், தண்ணி, ஐஸு, சத்தம். ஏலம் விடுறவர் கத்துற வேகத்துக்கு புதுசா வந்தவனுக்கு ஒரு எழவும் புரியாது. கம்பெனி ஆளு ஒரு படகுல 38 கிலோ கணவாய் எடுப்பாரு, அடுத்த படகுல 22 கிலோ, அதுக்கடுத்ததுல 50 கிலோன்னு ஒரு டஜன் படகுல எடுத்து எல்லாத்தையும் ஒரே டப்புல, அதாவது பெரிய தொட்டியில கொட்டி மேல ஐஸ் போட்டு வண்டியில ஏத்திருவாரு. அவ்ளோதான், கதை முடிஞ்சுச்சு. கொட்டுன அந்த நிமிஷத்துக்கு அப்புறம் எந்தக் கணவாய் எந்தப் படகுன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

ஏலக்காரர் நோட்டுல எழுதுவாரே, அதாவது உதவுமான்னு கேட்டா, அவரு படகு நம்பர் எழுத மாட்டாரு, பேரத்தான் எழுதுவாரு. ஒரு துறைமுகத்துல 'அடைக்கல மாதா'ன்னு எத்தன படகு இருக்கும்னு எண்ணிப் பாருங்க. மாதா பேருலயும் அந்தோணியார் பேருலயும் படகு இல்லாத கடற்கரை உண்டா நம்ம ஊர்ல. நோட்டுல 'மாதா 38' அப்படின்னு இருக்கும், அத வெச்சுக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து 'ஐஎன்டி-டிஎன்' அப்படின்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர் எதுன்னு நான் தேடணும். எந்த மாதான்னு கேட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எத்தன தடவ போன் போட்டிருக்கேன் தெரியுமா.

பாக் ஜலசந்திப் பக்கம் நீலக்கால் நண்டுக்கும் இதே கதைதான். கரையில ஏஜென்ட் எடை போட்டு வாங்குவாரு, ஒரே அண்டாவுல இருபது வள்ளத்து நண்டும் சேர்ந்து வேகும், வெந்ததுக்கு அப்புறம் எது யாரு நண்டு.

அப்ப சர்டிபிகேட்ல படகு நம்பர் எப்படித்தான் வருது?

நேர்மையான இடத்துல, கஷ்டப்பட்டு வருது. மத்த இடத்துல, ரெடியா ஒரு லிஸ்ட் இருக்கும், அதுலேர்ந்து பத்துப் பன்னெண்டு நம்பர எடுத்து மொத்த எடைய பிரிச்சுப் போட்டுருவாங்க. எல்லாரும் திருட்டுத்தனம் பண்றாங்கன்னு சொல்ல வரல, பல நேரம் மீனு நல்ல மீனுதான், சட்டப்படி பிடிச்சதுதான், ஆனா பேப்பர் கற்பனை.

நான் சேர்ந்த புதுசுல இதுல மாட்டுனேன். பழைய ஃபைல காப்பி அடிச்சு ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே தொகுப்பா அனுப்புற சரக்குக்கு விவரம் போட்டேன், அதுல பிடிச்ச தேதி மே 9ன்னு விழுந்துருச்சு, படகு கிழக்குக் கடற்கரை விசைப்படகு. மே மாசம் அந்தப் படகு கரையில கவுந்து கிடந்து பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்! சரி பார்க்கிற இடத்துல ஒரே பார்வையில கண்டுபிடிச்சு திருப்பி அனுப்பிட்டாங்க. சரக்கு குளிர்கிடங்குல பதினோரு நாள் கிடந்துச்சு, கரன்ட் பில்லு ஏறுச்சு, நான் வாங்குன திட்டு தனி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, தேதிய மட்டும் மார்ச் 9ன்னு போட்டிருந்தா அந்த ஃபைல் பாஸ் ஆயிருக்கும். அந்த மீனு அந்தப் படகுல வரலங்கறது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

டிரான்ஸ்பாண்டர் மாட்டுறாங்களே, அது போதாதா?

2024 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரா பால்கர்ல வெச்சு பிரதமர் தொடங்கி வெச்ச திட்டம், ஒரு லட்சம் படகுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்துல டிரான்ஸ்பாண்டர், அதாவது சாட்டிலைட் வழியா தகவல் அனுப்புற, வாங்குற கருவி. இதுக்கு முதல் காரணம் உயிர்தான். 2017 நவம்பர்ல ஒக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரி ஆளுங்க எங்க இருக்காங்கன்னே தெரியாம கரையில எல்லாரும் தவிச்சத நம்ம யாரும் மறக்கல. புயல் தகவல் படகுக்குப் போகணும், படகு ஆபத்துன்னு அழுத்துனா கரைக்கு வரணும். அதோட சேர்த்து படகு எங்க இருந்துச்சுங்கற தடமும் கிடைக்குது.

ஆனா அது படகோட தடம், மீனோட தடம் இல்ல. மேல சொன்ன டப்புல பன்னெண்டு படகு கணவாய் கலந்ததுக்கு அப்புறம், பன்னெண்டு படகுக்கும் சாட்டிலைட் மேப் இருந்தாலும் எந்த மேப்ப எந்தக் கணவாயோட ஒட்டுவீங்க?

எல்லை தாண்டிப் பிடிச்ச மீன் சர்டிபிகேட்ல தெரியுமா?

பிடிச்ச இடம்னு ஒரு கட்டம் இருக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலகக் கடலையெல்லாம் நம்பர் போட்டுப் பிரிச்சு வெச்சிருக்கு, அரபிக்கடல் பக்கம் 51, வங்காள விரிகுடா பக்கம் 57. பெரும்பாலும் அந்த நம்பர போட்டுட்டு நம்ம நாட்டு கடல் எல்லைன்னு எழுதுவாங்க. இந்த 57 எதுவரைக்கும்னு தெரியுமா, ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரை வரைக்கும் அதே நம்பர்தான். கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறத 57 எப்படிச் சொல்லும். அதுக்கு படகோட தடத்த சர்டிபிகேட்டோட ஒப்பிடணும், அதுவும் மேல சொன்ன, மீனு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோற பிரச்சனைய தாண்டி.

எல்லைப் பிரச்சனையோட மத்த நியாய அநியாயம் பேச இது இடம் இல்ல, அதுக்கு ஒரு ராத்திரி பத்தாது.

கடல் அட்டை கடத்தல்னு அடிக்கடி நியூஸ் வருதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

டிரேசபிலிட்டி இல்லாட்டி என்ன ஆகும்ங்கறதுக்கு இதவிட நல்ல பாடம் கிடையாது. கடல் அட்டைங்கறது கடல் தரையில ஊர்ற ஒரு உயிரினம், இந்தியாவுல 2001ல அத வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலி இருக்குற அதே அட்டவணை. பிடிக்கக் கூடாது, வெச்சிருக்கக் கூடாது, விக்கக் கூடாது. அந்தப் பக்கம் இலங்கையில லைசன்ஸ் வாங்கிட்டு முங்கி எடுக்கலாம், பண்ணையும் போடலாம், ஏற்றுமதியும் சட்டப்படி பண்ணலாம்.

இப்ப மண்டபத்துலயோ தூத்துக்குடியிலயோ ஒருத்தன் ராத்திரி எடுத்த அட்டைய வேக வெச்சு காயப்போட்டு படகுல அந்தப் பக்கம் சேத்துட்டான்னு வெச்சுக்குங்க. அங்க காஞ்ச அட்டை மூட்டையில அது கலந்துருச்சுன்னா முடிஞ்சுது, புது ஊரு, புது பிறப்புச் சான்றிதழ், நேரா சிங்கப்பூர், ஹாங்காங். காஞ்சு சுருங்கி கருப்பா இருக்குற அட்டையப் பார்த்து இது மன்னார் வளைகுடாவுல எந்தப் பக்கம் பொறந்துச்சுன்னு யாரு சொல்லுவா. கோஸ்ட் கார்ட் பிடிக்கிறது படகுல இருக்குற வரைக்கும்தான்.

நம்ம தடை தப்பு, அளவா பிடிக்க விடணும்னு ராமநாதபுரம் பக்கம் மீனவங்க ரொம்ப வருஷமா கேக்குறாங்க. எனக்கென்னவோ ஒரே கடல்ல இந்தக் கரையில ஜெயில், அந்தக் கரையில லைசன்ஸ்ங்கறதே கடத்தலுக்குப் போட்ட ரோடு மாதிரிதான் தெரியுது.

அமெரிக்காவும் இப்படிக் கேக்குதா?

கேக்குது, வேற மாதிரி. இறக்குமதி மீன கண்காணிக்க சிம்ப்னு ஒரு திட்டம், 2018 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு, அந்த வருஷக் கடைசியில இறாலையும் சேர்த்தாங்க. எல்லா மீனுக்கும் இல்ல, குறிப்பிட்ட சில வகைக்கு மட்டும். இதுல பொறுப்பு அங்க இறக்குமதி பண்றவர் தலையில, பிடிச்ச அல்லது வளர்த்த இடத்துலேர்ந்து விவரம் குடுக்கணும், ரெக்கார்ட ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும். ஐரோப்பா கேட்ச் சர்டிபிகேட் வளர்ப்பு இறாலுக்குத் தேவையில்ல, ஆனா அமெரிக்காவுக்கு வளர்ப்பு இறாலுக்கும் கணக்கு வேணும். நம்ம ஏற்றுமதியில பெரும்பகுதி வனாமிங்கற வளர்ப்பு இறால்தான், அதனால இந்த வித்தியாசம் முக்கியம்.

கடல் இறால் தனிக் கதை, ஆமை தப்பிக்கிற கருவி இழுவை வலையில இல்லங்கறதுக்காக 2019லேர்ந்து இந்தியக் கடல் இறாலையே அமெரிக்கா வாங்கல.

க்யூஆர் கோடு, பிளாக்செயின் எல்லாம் வந்தா சரியாயிடுமா?

பிளாக்செயின்ங்கற கம்ப்யூட்டர் பதிவேடு எழுதுனத அழிக்க விடாது, சரி. எழுதும்போதே 'மாதா 38'ன்னு தப்பா எழுதிட்டா? அந்தத் தப்பு யாராலயும் அழிக்க முடியாத தப்பா நிக்கும். அடுத்த கேள்வி.

ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே ஏமாத்து வேலைய கண்டுபிடிக்க வழி இருக்கா?

எடைக் கணக்கு. ரொம்ப பழைய வித்தை, ஆனா இதத் தாண்டி ஒண்ணும் வரல. கணவாய வாங்கி தோலு, குடல், ஓடு, மை எல்லாம் எடுத்தா எடை குறையத்தான் செய்யும். 1000 கிலோ வாங்குனேன்னு பில்லு, சுத்தம் பண்ணி 980 கிலோ அனுப்புனேன்னு பேக்கிங் லிஸ்ட், அப்படின்னா மீதி மீனு எங்கேர்ந்து வந்துச்சு? கணக்கு இல்லாத மீனு உள்ள புகுந்திருக்குன்னு அர்த்தம். இன்னொரு வழி ஐஸ் பில்லும் டீசல் பில்லும். அன்னிக்கு கடலுக்கே போகாத படகுக்கு டீசல் போட்டிருக்க மாட்டாங்க.

சின்ன வள்ளக்காரங்க இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?

ஐரோப்பாக்காரங்க அதுக்கு ஒரு எளிய சர்டிபிகேட் வெச்சிருக்காங்க. இழுவை வலை இல்லாத 12 மீட்டருக்குக் கம்மியான படகுன்னா பல படகு மீன ஒரே சர்டிபிகேட்ல காட்டலாம், ஒவ்வொரு ஓட்டுனரும் கையெழுத்து போட வேண்டாம், எக்ஸ்போர்ட்டர் போட்டாப் போதும். அது இல்லன்னா நாட்டுப்படகு மீனு ஐரோப்பாவுக்கே போகாது. ஆனா படகு லிஸ்ட் வேணும், பதிவு இருக்கணும். அரசாங்கத்தோட ரியல்கிராஃப்ட் தளத்துல பதிவு இல்லாத வள்ளத்து மீன எந்தக் கம்பெனியும் கணக்குல எடுக்க முடியாது, விலைய கொறைச்சு இன்னொரு படகு பேருல எழுதிருவாங்க, நஷ்டம் உங்களுக்குத்தான். 2025 நவம்பர்ல வந்த புது விதியில விசைப்படகு 12 கடல் மைலுக்கு வெளிய போக அதே தளத்துல அனுமதிச் சீட்டு எடுக்கணும், நாட்டுப்படகுக்கு அது வேண்டாம்.

நான் சென்னையில மீன் வாங்கித் திங்கிறவன். எனக்கு இதுல என்ன இருக்கு?

வெளிநாட்டுக்காரனுக்குப் போற மீனுக்குத்தான் இத்தன பேப்பர், உங்க பைக்குள்ள வர்ற மீனுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஹோட்டல்ல வஞ்சரம் ஃபில்லட்னு குடுக்குறது பாசாங்கற மலிவான வளர்ப்பு மீனா இருந்தா உங்க நாக்குதான் லேப். முழு மீனா வாங்குங்க, கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லுங்க. மே மாசம் "நம்ம ட்ராலர் மீனு சார், காலையில வந்துச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா "தடைக்காலத்துல எந்தக் கடல்லண்ணே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுப் பாருங்க. நாட்டுப்படகு மீனா இருக்கலாம், மேற்குக் கடற்கரையில தடை ஜூன் 1லதான் ஆரம்பிக்குது, அங்கேர்ந்து லாரியில வந்ததாவும் இருக்கலாம். என்ன பதில் சொல்றாருன்னு பாருங்க.

உங்ககிட்ட விட்டா முதல்ல எத மாத்துவீங்க?

டப்ப. ஒரு படகுக்கு ஒரு டப்பு, டப்பு மேல படகு பதிவு நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீட்டு, கம்பெனி கதவு வரைக்கும் கலக்கக் கூடாது. ஏலக்காரர் நோட்டுல பேருக்குப் பக்கத்துல நம்பரோட கடைசி நாலு எழுத்து, அவ்ளோதான். இத நான் வேலை பார்த்த இடத்துல ஒரு சீசன் செஞ்சு பார்த்தோம், முதல் வாரம் வண்டியில எடம் பத்தலன்னு டிரைவர் கத்துனாரு, சின்ன டப்பு அதிகமானா ஐஸும் அதிகம் பிடிக்கும், அந்தச் செலவு யாரு தலையிலன்னு ஒரு மாசம் சண்டை நடந்துச்சு, கடைசியில கிலோவுக்கு ரெண்டு ரூபா படகுக்காரங்களுக்குச் சேர்த்துக் குடுக்க கம்பெனியில ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மாதான்னு கேட்டு நான் போன் போடவே இல்ல.